ஏழாம் வரியும் ஒரு கறுப்புக் கயிறும்

சென்ற மாதம் ஜெராம் சந்தையில் இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஷர்மினி தொலைபேசியில் அழைத்தாள். செரண்டாவிலிருந்து தினமும் ரயிலேறி வேலைக்குப் போகிற பெண். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் இதய அறுவை வார்டில் தாதியாகச் சேர்ந்தாள். இப்போது அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்களாம்.

“சிஸ்டர், ஒரு டவுட்டு லா. நம்ம வார்டு கைட்லைன்ல ஏழாவது லைன் இருக்குல்ல, இடுப்புக் கயிறு மேல டேப்ப வைக்கக் கூடாதுன்னு? அது இந்துக்கள் மனசு புண்படக் கூடாதுன்னுதான போட்டாங்க? பேஷண்டோட பண்பாட்ட மதிக்கிறதப் பத்தி ஒரு பிரசண்டேஷன் பண்றேன். இதத்தான் ஃபர்ஸ்ட் எக்ஸாம்பிளா வச்சிருக்கேன்.”

நான் சிரித்துவிட்டேன். விலையைக் கேட்டுத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்த மீன்காரர் தானாகவே விலையைக் குறைத்தார். பண்பாட்டால் கிடைத்த லாபம் என்று வாங்கிக்கொண்டேன்.

வார்டுக்குப் புதிதாக ஒரு கணினி நிரல் வந்திருக்கிறது என்றும் ஷர்மினி சொன்னாள். நோயாளியின் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், உடல் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு எல்லாவற்றையும் தட்டிவிட்டால், அறுவைக்குப் பிறகு இவருடைய இதயம் தாளம் தப்புமா தப்பாதா என்று பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் காட்டுமாம்.

“அதுவே டேப்பையும் பிடிச்சு அளந்திடுமா?” என்று கேட்டேன்.

“இல்ல சிஸ்டர், அத நாங்கதான் பிடிக்கணும்.”

“அப்ப ஏழாம் வரி இருக்கட்டும். ஏன் வந்துச்சுன்னு எழுதியே தர்றேன்” என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றிப் பெருமையாக எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். வார்டில் எல்லோருக்கும் ஆரோக்கியம் சிஸ்டர். நோயாளிகள் நிறைந்த இடத்தில் அப்படி ஒரு பெயரோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடமாடியவள் கேட்காத கேலி கிடையாது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று ஆண்டுகள் படுக்கை விரிப்பின் மூலையை மடித்தேன், ஒழுங்காக மடிக்கவில்லை என்று திட்டு வாங்கினேன். பிறகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதய அறுவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கடைசி வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே என் மேலதிகாரி அறுவை மருத்துவர் சியா. குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன பென்சில் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பேனாவை நம்பமாட்டார், தப்பு செய்தால் அழிக்க முடியாது என்பார். காலையில் வார்டைச் சுற்றி வரும்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று, இளம் மருத்துவர்களை விட்டுவிட்டு, தாதியைப் பார்த்துத்தான் கேட்பார். நாம் என்ன பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: “எப்படித் தெரியும்?” நோயாளி நன்றாகத் தூங்கினார் டாக்டர் என்றால், எப்படித் தெரியும்? வலி குறைந்துவிட்டது என்றால், எப்படித் தெரியும்? கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் டாக்டர் என்று சொன்னபோது மட்டும் கேட்கவில்லை.

இதய அறுவையில் கத்தி வைக்கிற அன்றைக்கு எல்லோரும் பயப்படுவார்கள். எங்கள் பயம் இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கும். அறுவை நன்றாக முடிந்து, நோயாளி கஞ்சி குடித்து, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கத் தொடங்கும் நேரம் பார்த்து, இதயத்தின் மேல் அறைகள் கண்டபடி துடிக்க ஆரம்பித்துவிடும். உடனே பார்த்துவிட்டால் மருந்து இருக்கிறது. பார்க்காமல் விட்டால் உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே இதயத்தைக் காட்டும் மானிட்டரில் நோயாளியை மாட்டி வைக்க வேண்டும். வார்டில் கட்டில் இருபது, மானிட்டர் ஆறு. பந்தியில் இலை ஆறுதான் என்றால் யாரை முதலில் உட்கார வைப்பது என்று யாராவது முடிவு செய்யத்தானே வேண்டும்?

அதற்காக டாக்டர் சியா ஒரு புள்ளித்தாள் போட்டார். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவருக்கும் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஏறியவருக்கும் இந்தத் தாளக்கேடு கூடுதலாக வருகிறது என்று பலரும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கொழுப்பு வயிற்றோடு நிற்பதில்லை, இதயத்தின் மேலேயும் படிகிறது என்று அவர் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி அதிகம் வாங்கியவர் ஐந்து நாள் மானிட்டரில் இருப்பார். குறைவாக வாங்கியவருக்கு இரண்டாம் நாள் காலையில் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிடுவோம்.

உடல் கொழுப்பை அளக்க ஓர் இயந்திரமும் வந்தது. வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தால் மின்சாரம் மெல்ல உடம்புக்குள் ஓடிக் கணக்குச் சொல்லும். நகரத்து ஆட்களுக்கு நன்றாகவே சொன்னது. எங்கள் தோட்டத்து ஆட்கள் ஏறினால் வாயே திறக்காது. எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கைக்குள் அந்த மின்சாரம் நுழையவில்லை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம், எண்ணெய் போட்டு ஊறவைத்தும் பார்த்தோம். ‘மீண்டும் முயலவும்’ என்றே எழுத்து வந்தது. கடைசியில் இவர்களுக்கு இயந்திரம் வேண்டாம், இடுப்பை டேப்பால் அளந்தால் போதும் என்று முடிவாயிற்று.

இடுப்பை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைக்க வேண்டும். மூச்சை விட்ட நிலையில் அளவெடுக்க வேண்டும். படிக்கச் சுலபம். அறுபது வயது மனிதரின் வயிற்றில் எலும்பைத் தேடுகிறபோது அவர் கூசுவார், நெளிவார், வயிற்றை எக்கிக்கொள்வார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு நம் கை எங்கே போகிறது என்று பார்ப்பார். காலையில் எட்டுப் பேரை அளக்க வேண்டும். இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது.

எங்கள் ஆண்கள் பலருக்கும் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு இருக்கும். அரைஞாண் என்பது எழுத்தில், பேச்சில் அரணாக்கயிறு. அறுவைக்கு முன் உடம்பில் நூல்கூட இருக்கக் கூடாது என்பது சட்டம். முன்பெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிவார்கள். செத்தவனுக்குத்தான் அந்தக் கயிற்றை அறுப்பார்கள் என்பது வெட்டுகிறவர்களுக்குத் தெரியாது. அறுவைக்குப் பயப்படாத ஆள்கூடக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் வெளிறிப்போவார். நான்தான் ஒரு வழி செய்தேன். வெட்டமாட்டேன், அவிழ்ப்பேன். பெயரும் கட்டில் எண்ணும் எழுதிய உறையில் போட்டுப் பூட்டி வைப்பேன். வீட்டுக்குப் போகிற நாளில் என் கையாலேயே கட்டிவிடுவேன். கிறிஸ்தவச்சி கட்டலாமா என்று யாரும் கேட்டதில்லை. ஆக, பண்பாட்டை மதிப்பதில் நான் ஷர்மினிக்கு முன்னோடி.

அந்தக் கயிறு அளவெடுக்கவும் உதவும் என்று கண்டுபிடித்ததுதான் என் அதிபுத்திசாலித்தனம். எலும்பை ஏன் தேட வேண்டும்? கயிறு இடுப்பைச் சுற்றித்தானே கிடக்கிறது? அதன் மேலேயே டேப்பை ஓட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. கூச்சமில்லை, தேடலில்லை. மலாய்த் தாதிகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எட்டுப் பேரை முடித்துவிட்டு மற்ற வார்டுகளுக்கு முன் நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம். அந்த ஆண்டு சிறந்த வார்டு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

இப்படி இருக்கையில் மாரிமுத்து வந்தார். ஈஜோக்கில் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை. முன்பு தோட்டத்தில் மண்டோராக ஆட்களை வேலை வாங்கியவர். கையும் காலும் குச்சி, நடுவில் மட்டும் ஒரு பலாப்பழம். மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு. இயந்திரத்தில் ஏற்றினேன், வழக்கம்போல மீண்டும் முயலச் சொன்னது. கயிற்றின் மேல் டேப்பை ஓட்டினேன். எண்பத்தெட்டு. ஆண்களுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் ஒரு புள்ளி. புள்ளித்தாளில் எண்பத்தெட்டு என்று, டாக்டர் வழக்கப்படி பென்சிலால், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கயிற்றை அவிழ்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இத அவுத்தா எனக்கு ஆவாது சிஸ்டர்.”

“ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் பத்திரமா வச்சிருக்கேன்.”

“கயிறு பத்திரமா இருக்கும். நான் இருக்கணும்ல?”

திங்களன்று அறுவை. நன்றாக நடந்தது. புள்ளி குறைவு என்பதால் புதன் காலையில் மானிட்டரைக் கழற்றி வேறொருவருக்கு மாட்டினோம். வியாழன் காலையில் அவர் மனைவி லெட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கயிறக் கட்டி வுட்டுருங்க சிஸ்டர். அவுத்த நாள்லேர்ந்து மனுசன் சரியாவே இல்ல.”

வீட்டுக்குப் போகிற நாளில்தான் கட்டுவது வழக்கம். ஆனாலும் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து உறையை எடுத்துக்கொண்டு போனேன். “எப்படிண்ணே இருக்கு?” என்றபடி பழக்க தோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு ஓடுற மாதிரி இருக்கு சிஸ்டர். நேத்துலேர்ந்தே இருக்கு. ஆப்பரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன்.”

விரலுக்கடியில் நாடி இரண்டு வேகமாக அடித்தது, ஒன்று நின்றது, மூன்று ஓடியது. எந்த ஒழுங்கும் இல்லை. கயிற்றைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு இதயப் பதிவு எடுக்க ஆள் அனுப்பினேன். சந்தேகமே இல்லை, தாளம் தப்பியிருந்தது. டாக்டர் சியா வந்தார்.

“எப்போது தொடங்கியது?”

“தெரியவில்லை டாக்டர்.”

அவரிடம் அந்தப் பதிலை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. புதன் காலையிலிருந்து தாளில் இருந்ததெல்லாம் இரத்த அழுத்த இயந்திரம் காட்டிய நாடி எண்ணிக்கை. எண்பத்தாறு, தொண்ணூற்றெட்டு, நூற்றுப் பத்து. எத்தனை முறை அடித்தது என்று அது சொல்லும். எப்படி அடித்தது என்று சொல்லாது. கையைப் பிடித்துப் பார்த்தவர் யாருமில்லை. தாளம் தப்பி எத்தனை மணி நேரமானது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். எங்களிடம் அந்த நேரம் இல்லை. மருந்தை ஏற்றினார்கள், இரத்தம் உறையாமலிருக்க ஊசியும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மைலோ குடிக்கக் கோப்பையை எடுத்த மாரிமுத்துவின் வலது கையிலிருந்து கோப்பை விழுந்தது. பேச்சும் குழறியது. மூளையில் ஒரு சின்ன இடத்துக்கு இரத்தம் போகவில்லை என்று படம் காட்டியது. மத்தியானத்துக்குள் பேச்சு திரும்பிவிட்டது. கை முழுதாகத் திரும்பவில்லை.

பேச்சு வந்ததும் அவர் டாக்டர் சியாவிடம் சொன்ன முதல் வார்த்தை: “எல்லாத்துக்கும் அந்தக் கயிறுதான் காரணம்.”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் இலேசாகச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கட்டிலை விட்டு விலகும்போது டாக்டர் புள்ளித்தாளைப் பார்த்து நின்றார். பிறகு மாரிமுத்துவின் வயிற்றைப் பார்த்தார். “சிஸ்டர், இது எண்பத்தெட்டா? வேறொருவர் அளவை மாற்றி எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்” என்று பென்சிலை என்னிடம் நீட்டினார்.

பென்சில், அழிக்கக்கூடியது. தப்பித்துக்கொள்ளும் வழியை அவரே திறந்து வைத்தார். எழுத்துப் பிழை யாருக்கும் வரும். நான் ஓய்வு பெற ஓராண்டுகூட இல்லை. பென்சிலை வாங்கிக்கொண்டு அலுவல் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஏதோ உறுத்தியது. எடுத்தால் முதல் நாள் கட்டாமல் திணித்து, காலையில் சீருடை மாற்றும்போது பேனாவோடு சேர்த்து மாற்றி வைத்த கயிறு.

நாள்பட்டுக் கட்டியிருந்த கயிறு, முடிச்சு இருந்த இடங்களில் நெளிந்திருக்கும். மேசை மேல் நீட்டி வைத்து அந்த நெளிவிலிருந்து இந்த நெளிவு வரை அளந்தேன். எண்பத்தெட்டு. அவருடைய கயிறு வயிற்றைச் சுற்றி இருக்கவில்லை. வயிற்றுக்குக் கீழே சரிந்து கிடந்தது. தொந்தி போட்ட மனிதன் எவனுக்கும் அது அங்கேதானே கிடக்கும்? என் அப்பாவுக்கும் அங்கேதான் கிடந்தது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், லயத்தில் பிறந்திருந்தாலே போதும். எனக்கு இரண்டும் இருந்தன.

அலமாரியைத் திறந்தேன். இன்னும் ஐந்து உறைகள் இருந்தன, ஐந்தும் அப்போது வார்டில் இருந்தவர்களுடையவை. ஒவ்வொன்றாக அளந்து தாளோடு ஒப்பிட்டேன். ஐந்தும் பொருந்தின. இத்தனை துல்லியமாக நான் எதையும் அளந்ததில்லை, ஆளைத் தவிர்த்துக் கயிற்றை அளந்திருந்தேன் என்பதுதான் குறை. அந்த ஐவரில் இருவருக்குப் புள்ளி குறைவென்று அன்று காலையில்தான் மானிட்டரைக் கழற்றியிருந்தோம்.

பென்சிலால் ஓர் எண்ணைத் திருத்தினால் நான் தப்பிப்பேன். அந்த இருவர்? கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. தேநீர் ஆறிப்போகும் நேரம். பிறகு ஆறு கயிறுகளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு டாக்டர் சியாவின் அறைக்குப் போனேன்.

“இது எழுத்துப் பிழை இல்லை டாக்டர். எல்லோரையும் தப்பான இடத்தில் அளந்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

“எப்படித் தெரியும்?”

மேசை மேல் கயிறுகளை வரிசையாக நீட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் தானே அளந்தார். பிறகு சொன்னது இவ்வளவுதான்: “முதலில் அந்த இருவருக்கும் மானிட்டரை மாட்டுங்கள். அதன் பிறகு எலும்பைத் தேடி எல்லோரையும் அளவெடுங்கள். நானும் வருகிறேன்.”

மாரிமுத்து நூற்று மூன்று. அந்த இருவரில் ஒருவருக்கு மறுநாள் மத்தியானம் தாளம் தப்பியது. மானிட்டர் கத்தியது, நிமிடக் கணக்கில் மருந்து ஏறியது, மாலையில் சரியாகிவிட்டது. அவருக்கு இன்று வரை எதுவும் தெரியாது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன். சான்றிதழைச் சுவரிலிருந்து நானே இறக்கினேன். கேட்பவர்களிடம் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றேன்.

ஆறு வாரம் கழித்து மாரிமுத்துவும் லெட்சுமியும் கிளினிக்குக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று டாக்டர் சியாவின் அறையில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். டேப்பைக் கயிற்றின் மேல் வைத்ததைச் சொன்னேன். அதனால் புள்ளி குறைந்ததையும், மானிட்டர் போனதையும், நேரம் தெரியாமல் போனதையும் சொன்னேன். மானிட்டர் இருந்திருந்தால் கை நிச்சயம் தப்பியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது, அதைக் கெடுத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

லெட்சுமி அழுதார். “இத்தன நாள் கழிச்சு வாயத் தொறந்து சொல்றீங்களே சிஸ்டர். சொன்னா கை வருமா?”

மாரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இரு புள்ள” என்றார் மனைவியிடம். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப, அந்தக் கயிறுதான் காரணம்னு நான் சொன்னது சரிதான?”

“சரிதாண்ணே.”

“அத அந்த டாக்டருக்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கு சிரிச்சாரு.”

சொன்னேன். டாக்டர் சியா இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்து வந்து மாரிமுத்துவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, “பெத்துல், அபாங்” என்றார். ‘நீங்கள் சொன்னது சரி அண்ணே’ என்று மலாயில் அவர் ஒப்புக்கொண்டதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவுமில்லை.

பிறகு உட்கார்ந்து, வார்டு வழிமுறைத் தாளில் ஆறு வரிகளுக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதினார். என்ன எழுதுகிறார் என்று மாரிமுத்து கேட்டார்.

“இடுப்புக் கயிறு மேல டேப்ப வைக்கக் கூடாதுன்னு எழுதுறாரு.”

“அம்புட்டுதானா? எங்க வைக்கணும்னு எழுதலியா? வைக்காதன்னு மட்டும் சொன்னா அடுத்தவன் வேற எடத்துல தப்பா வப்பான் லா. நான் மண்டோரா இருந்தவன், ஆளுங்கள எனக்குத் தெரியும்.”

அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் இன்னொரு வரி எழுதினார்: விலா எலும்பைத் தொடு, இடுப்பெலும்பைத் தொடு, நடுவில் வை. ஷர்மினி, உங்கள் தாளில் எட்டாம் வரி அதுதான். அதை எழுத வைத்தவர் ஈஜோக் மாரிமுத்து. ஏழாம் வரி என்னுடையது. உன் பிரசண்டேஷனில் எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள், பண்பாட்டில் மட்டும் சேர்க்காதே.

கிளம்பும்போது மாரிமுத்து வாசலில் நின்றார். சட்டையைத் தூக்கினார். கறுப்புக் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேரவில்லை, அவரால் முடிச்சுப் போட முடியவில்லை.

“இவ கட்டுனா நிக்க மாட்டேங்குது. நீங்க கட்டி வுடுங்க” என்றார்.

குனிந்து கயிற்றின் இரண்டு முனைகளையும் எடுத்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

“கொஞ்சம் மேல கட்டுங்க சிஸ்டர்.”

மேலேதான் கட்டினேன், இரண்டு முடிச்சுப் போட்டு. அவர் சட்டையை இறக்குவதற்குள் அது வழுக்கிக்கொண்டு பழையபடி வயிற்றுக்குக் கீழே போய் நின்றது.